லெகோவில் டிரிஃப்ட் கார்: நாலு சக்கரமும் ஓடணும், பின்னது வேகமா ஓடணும்

லெகோவின் டெக்னிக் (கியர், மோட்டார் வைத்துக் கட்டும் வகை) பிளாக்குகளில் டிரிஃப்ட் கார், அதாவது வளைவில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகும் கார், என்றதும் பலரும் தேடுவது பெரிய மோட்டாரைத்தான். நானும் இந்த வண்டியை அங்கிருந்துதான் ஆரம்பித்தேன், ஆனால் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது, டிரிஃப்டுக்கு முக்கியம் பலமில்லை, பிடிமானத்தைக் குறைப்பதும் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே வேக வித்தியாசம் வைப்பதும்தான். மோட்டார் அதற்கப்புறம்.

முதலில் டயர். லெகோ ரப்பர் டயர் வீட்டு டைல்ஸில் நன்றாகப் பிடிக்கும், அந்தப் பிடியை உடைத்துச் சறுக்க வைக்கிற அளவு முறுக்கு வண்டியை ஓட்டும் இரண்டு எல் மோட்டார்களிடம் (லெகோவின் ஒரு மோட்டார் வகை) கிடையாது. டயருக்கு மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினால் சறுக்கும், ஆனால் கொஞ்ச நேரத்தில் ஓரம் பிரிந்து பசை தரையில் ஒட்ட ஆரம்பிக்கிறது. ரிமோட் கார் டிரிஃப்ட் ஜப்பானில் பரவிய காலத்தில் அங்குள்ளவர்கள் பிளாஸ்டிக் குழாயை வெட்டி டயர் மேல் மாட்டினார்கள், அதையே எடுத்துக்கொண்டேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 63 மி.மீ. பிவிசி பைப்பில் வளையம் அறுத்து, 56 மி.மீ. டயர் மேல் போட்டு, இடைவெளிக்கு இரண்டு மூன்று சுற்று டேப் கொடுத்தால் இறுக்கமாக நிற்கும். அறுத்த விளிம்பை உப்புத்தாளில் நன்றாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் கீறல் விழும். லெகோ அல்லாத பாகம் சேர்க்கக் கூடாது என்பவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு வண்டி சறுக்குவதுதான் முக்கியம்.

வழுக்கும் சக்கரத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தரை பிடிக்காததால் கியர்களுக்கு வரும் சுமை குறைகிறது, அதனால் தைரியமாக வேகத்தைக் கூட்டும் கியர் வைக்கலாம். மோட்டாரிலிருந்து நடு ஷாஃப்டுக்கு 20 பல், 12 பல் ஜோடி வைத்திருக்கிறேன், அதாவது 1.67 மடங்கு வேகம். ரப்பர் டயரோடு இதே அமைப்பில் ஓட்டியபோது 12 பல் கியர் கடகடவென்று பல் தாண்டியது, முன் சக்கரத்து உருண்டை மூட்டும் கழன்று வந்தது. பிவிசி போட்ட பிறகு இரண்டும் நின்றுவிட்டன.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். ரிமோட் கார் டிரிஃப்டில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றினால் அதை ஐம்பதுக்கு ஐம்பது என்பார்கள், பின் சக்கரம் கூடுதல் வேகத்தில் சுற்றினால் கவுண்டர் ஸ்டீர். பின் சக்கரம் எப்போதும் வேகமாகச் சுற்றுவதால் பின்பக்கம் பக்கவாட்டுப் பிடியை இழந்து வெளியே தள்ளப்படும், முன் சக்கரமோ நாம் திருப்பி வைத்த திசையில் மூக்கை இழுத்துக்கொண்டே போகும். பின் சக்கரம் மட்டும் ஓடும் வண்டி சட்டென்று தட்டாமாலை சுற்றிவிடும், இதில் அந்த முன் இழுப்பு வண்டியைக் காப்பாற்றுகிறது. நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்ததே இதற்காகத்தான்.

இதைச் சோதிக்க லெகோ கியர்களின் அளவே வழி காட்டியது. 16 பல் கியர் இரண்டை ஜோடி சேர்த்தால் ஷாஃப்டுகளுக்கு நடுவே சரியாக 2 ஸ்டட் (லெகோ பிளாக்கின் மேலுள்ள குமிழ்களின் இடைவெளி அளவு) தூரம், அதாவது 16 மி.மீ. 20ம் 12ம் சேர்ந்தாலும் அதே 2 ஸ்டட். அதனால் பின் ஷாஃப்டுக்குப் போகும் இடத்தில் சட்டத்தைத் தொடாமல் கியரை மட்டும் மாற்றினால், ஒரே வண்டி ஐம்பதுக்கு ஐம்பதாகவும் ஓடும், 1.67 மடங்காகவும் ஓடும். இந்த ஜோடியால் பின் ஷாஃப்ட் எதிர்த்திசையில் சுற்றும், ஆகவே பின் ஆக்சிலில் 28 பல் கியரை மறுபக்கம் மாட்ட வேண்டும். பின்னால் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) வேண்டாம், இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றுவதுதான் டிரிஃப்டுக்குச் சரி. முன்னால் மட்டும் 28 பல் டிஃபரன்ஷியல்.

ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது. ஐம்பதுக்கு ஐம்பதில் வண்டி நாலு காலையும் பரப்பிக்கொண்டு மொத்தமாக வெளியே வழுக்குகிறது, கோணம் பிடிக்கவே இல்லை. 1.67-ல் பின்பக்கம் உடனே வெளியே வந்து அங்கேயே நிற்கிறது, ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கூடம் முழுக்க வட்டம் அடிக்கலாம். மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் என்று கணக்குப் போட்டால், முன் சக்கரம் நொடிக்கு 1.2 மீட்டர் அளவுக்கும் பின் சக்கரம் கிட்டத்தட்ட 2 மீட்டருக்கும் சுற்ற வேண்டும், அந்த இடைவெளிதான் சறுக்கலாக வெளியே தெரிகிறது. மொட்டைமாடி சிமெண்ட் தரையில் மட்டும் இதை ஓட்டாதீர்கள். அங்கே சக்கரம் வழுக்காமல் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், ஆக்சில் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது கைரோ. பேட்டரியும் மோட்டார் கட்டுப்பாடும் இருக்கும் டெக்னிக் ஹப்புக்குள்ளேயே வண்டி திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. பைபிரிக்ஸ் என்ற இலவச ஃபர்ம்வேரை (ஹப்பை இயக்கும் மென்பொருள்) போட்டால் அதைப் பைத்தான் நிரலில் படிக்கலாம். நான் எழுதியது சின்ன நிரல்தான்: கட்டுப்பாட்டுக் குச்சி கேட்கும் ஸ்டீரிங் கோணத்திலிருந்து, வண்டி திரும்பும் வேகத்தை ஒரு எண்ணால் பெருக்கிக் கழிப்பது. பின்பக்கம் வெளியே பாய்ந்தால் முன் சக்கரம் தானாகவே எதிர்ப்பக்கம் திரும்புகிறது, நம் விரலைவிட வேகமாக. அந்த எண் பெரிதாகிவிட்டால் முன் சக்கரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே போகும், அதனால் சிறிய மதிப்பிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஸ்டீரிங்குக்கும் எல் மோட்டார்தான், அதில் கோணம் அளக்கும் வசதி உள்ளேயே இருப்பதால் நடு நிலை தவறுவதில்லை.

பேட்டரி பற்றி ஒரு வரி. ஹப்பில் ஆறு ஏஏ செல்கள். அல்கலைன் என்றால் 9 வோல்ட், ரீசார்ஜ் செல் என்றால் 7.2 வோல்ட், வேகம் குறைவது நன்றாகவே தெரியும். ஆனால் ரீசார்ஜ் செல் சுமை ஏறும்போது அவ்வளவாகத் தொய்வதில்லை, எனவே சறுக்கல் ஒரே சீராக இருக்கிறது. நான் அதையே வைத்துக்கொண்டேன்.

1.67 சின்ன அறைக்குக் கொஞ்சம் அதிகம் என்று படுகிறது, வட்டம் பெரிதாகிவிடுகிறது. 24 பல்லும் 16 பல்லும் சேர்த்தால் 1.5 வரும், ஆனால் அதற்கு 2.5 ஸ்டட் தூரம் வேண்டும். பின் பாதிச் சட்டத்தை அரை ஸ்டட் தள்ளி மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். மேல் கூடு இன்னும் போடவில்லை, எடை எங்கே உட்கார வேண்டும் என்று முடிவானதும்தான் அது.