புது ரைஃபிளும் வெடிக்காத தோட்டாக்களும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

லைசென்ஸில் ஏற்றி முடித்து, இன்றுதான் புது ரைஃபிளோடு கோவை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் படுத்தேன். .22 (0.22 அங்குலக் குண்டு), சிங்கிள் ஷாட். மேகசின் கிடையாது, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் வைத்து, பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் தள்ளிப் பூட்ட வேண்டும். 50 மீட்டர் போட்டிக்கு விதியே அப்படித்தான். போன வருஷம் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் இந்த 50 மீட்டர் போட்டியில்தான்.

பேரல் அருமை. பத்தாம் வளையத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான், படுத்துச் சுட்டால் குரூப், அதாவது குண்டுத் துளைகளின் கூட்டம், அதைச் சுற்றியே விழுகிறது. ஆனால் பாதியில் ஒரு ‘டிக்’. தோட்டாவின் அடியில் மோதும் ஊசியான ஃபயரிங் பின் அடித்த சத்தம் மட்டும் வந்தது, தோட்டா போகவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று.

புதிதாக வருகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: ‘டிக்’ என்றதும் போல்ட்டைத் திறக்காதீர்கள். தாமதித்து வெடிக்கிற தோட்டா உண்டு. முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும், குறைந்தது 30 விநாடி பொறுத்திருந்து அப்புறம் திறங்கள். வெடித்த சத்தம் சோர்வாக ‘டப்’ என்று வந்தாலோ ஆபத்து வேறு. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். உள்ளே பார்க்காமல் அடுத்த தோட்டாவை வைக்கவே கூடாது.

ஜனவரி 11, சனி

பார்க்கிறவர்கள் எல்லாம் "தோட்டா சரியில்லைப்பா" என்கிறார்கள். இருக்கலாம்தான். .22 தோட்டாவில் தீப்பிடிக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இல்லை, சுற்றியுள்ள விளிம்புக்குள் இருக்கிறது. ஈரமாக உள்ளே வைத்து, தோட்டாக் கூட்டை வேகமாகச் சுழற்றி விளிம்பு முழுக்கப் பரவவிடுகிறார்கள். எங்கோ ஓரிடத்தில் மருந்து சேராமல் விட்டுப்போய், ஃபயரிங் பின் சரியாக அங்கேயே அடித்தால் நமத்த பட்டாசுதான்.

ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு எதையும் கழற்ற எனக்கு மனம் வராது. அதனால் இன்று ஸ்கோரை விட்டுவிட்டு சோதனை மட்டும் செய்தேன். அதே டப்பா தோட்டாவைப் பக்கத்து லேன் நண்பரின் ரைஃபிளில் சுட்டோம். ஒன்றுகூடத் தவறவில்லை. அவருடைய தோட்டாவை என்னுடையதில் போட்டோம். ‘டிக்’.

அப்புறம் இரண்டு ரைஃபிளின் வெற்றுக் கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தோம். அவருடையதில் விளிம்பின் மேல் ஆழமாக, அடி தட்டையாக, ஓரம் கூர்மையாக ஒரு பள்ளம். என்னுடையதில் நகத்தால் கீறிய மாதிரி மேலோட்டமான தடம். வெடிக்காதவற்றில் அதைவிட லேசு. தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவைச் சந்தேகிக்கலாம். தடமே ஆழமில்லை என்றால் ரைஃபிளைத்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

ரேஞ்ச் விடுமுறை. போல்ட்டைக் கழற்றி, பின்னையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்தேன். உள்ளே முழுக்கப் பழுப்பு நிறத்தில் கிரீஸ், மெழுகு போல இறுகிக் கிடக்கிறது. கப்பலிலும் கிடங்கிலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்புவது. காலைக் குளிருக்கு இன்னும் கெட்டியாகிவிடும்.

போட்டி ரைஃபிள்களில் ஃபயரிங் பின்னின் எடை குறைவாகவும் அது நகரும் தூரம் குறைவாகவும் வைக்கிறார்கள். டிரிகர் விடுபட்ட நொடியில் குண்டு கிளம்பிவிட வேண்டும், அதற்குள் கை அசையக் கூடாது என்பதுதான் நோக்கம். அதனால் அடியில் உபரி பலம் கிடையாது. கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தாலே குறை தெரிந்துவிடும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, நன்கு காயவிட்டேன். எண்ணெய் விரல் நுனியில் தொட்ட அளவுதான் போட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

தடம் நன்றாகவே ஆழமாகியிருக்கிறது. முதல் டப்பாவில் ஒரு தோட்டாவும் தவறவில்லை. அதற்குப் பிறகு மறுபடியும் ஒன்றிரண்டு ‘டிக்’.

இதைக் கவனித்த கோச் சார், "சுத்தமா இருக்கிற வரைக்கும் ஓடுது, அழுக்கு சேர்ந்ததும் நிக்குது. அப்போ சேம்பரைப் பாருங்க" என்றார். சேம்பர் என்பது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி. டார்ச் அடித்துப் பார்த்தால் அதற்குள் குண்டு உட்காரும் இடத்தில் மெழுகும் கரியும் சேர்ந்து ஒரு வளையம். இந்த ரகச் சேம்பர் இறுக்கமானது, அதில்தான் துல்லியம். ஆனால் அழுக்கு சேர்ந்தால் தோட்டா கடைசி மயிரிழை உள்ளே போகாமல் நின்றுவிடும். ஃபயரிங் பின் அடிக்கிற வேகம் தோட்டாவை முன்னே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. தவறிய ஒன்றை அசைக்காமல், ஸ்பிரிங்கை மறுபடி ஏற்றி (காக் செய்து) அடித்தபோது வெடித்தது. அதற்குக் காரணம் இதுதான். முதல் அடி உட்காரவைத்தது, இரண்டாவது அடி வெடிக்கவைத்தது.

பித்தளை பிரஷ்ஷை நான்கைந்து முறை விட்டதும் தோட்டா விரல் அழுத்தத்திலேயே உள்ளே போனது. இருந்தும் கடைசியில் ஒன்று தவறியது. நண்பருடைய தடத்தோடு வைத்துப் பார்த்தால் என்னுடையது இன்னும் ஒரு சுற்று லேசுதான்.

‘டிக்’ ஆகும் நேரம் பயிற்சிக்கு நல்ல கண்ணாடி என்றும் சொல்ல வேண்டும். வெடிக்கும்போது உதைப்பில் மறைந்துபோகிற கைத்துடிப்பு, வெடிக்காதபோது அப்படியே முனையில் தெரிகிறது. முனை ஆடாமல் நின்றதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஜனவரி 27, திங்கள்

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டு, அடியில் ஒரு வாஷர் போடு, ஃபயரிங் பின்னின் நுனியை ராவு என்று ஆளுக்கொரு யோசனை. எதையும் செய்யப் போவதில்லை. அடி மிஞ்சினால் விளிம்பு கிழிந்து, சூடான வாயு முகத்துக்கு நேரே பின்னால் வரும். லைசென்ஸை எடுத்துக்கொண்டு, பழுது பார்க்க உரிமம் உள்ள கடைக்கே போனேன்.

அங்கே இருந்த பெரியவர் முதலில் சேம்பர் வாயைத்தான் பார்த்தார். "ஏந்தம்பி, தோட்டா இல்லாம சும்மா தட்டிப் பார்த்தீங்களா?" இல்லை என்றேன். பல .22 ரைஃபிள்களில் அப்படித் தட்டினால் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் மோதிப் பள்ளம் விழுந்துவிடும். அங்கே தோட்டாவின் விளிம்புக்குத் தாங்கல் இல்லாமல் போகும். என்னுடையதில் அந்தப் பள்ளம் இல்லை. பின் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளந்தார், சரியாக இருந்தது. ஸ்பிரிங்கை அதே மாடலுக்கான புதியதோடு சேர்த்து நிறுத்தினார். என்னுடையது கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் குட்டை. தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்திருக்கிறது. மாற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரி 8, சனி

போட்டி போலவே 60 தோட்டா, நேரக் கணக்கோடு. எல்லாமே வெடித்தன. கூடுகளைத் தட்டில் கொட்டி லென்ஸில் பார்த்தேன்: நண்பருடையது போலவே அடி தட்டையான பள்ளம், முதலாவதிலும் கடைசியிலும் ஒரே ஆழம். தவறிப்போன பழைய தோட்டாக்களைக் கிளப்பில் அதற்கென்று வைத்திருக்கும் டப்பாவில் ஒப்படைத்தாயிற்று.

இனி பயிற்சி முடிந்ததும் பேரலோடு சேம்பரையும் துடைத்துவிடுவேன். அடுத்த வாரம் வேறு லாட் தோட்டா வருகிறது. அப்போது ஸ்பிரிங்கையோ எண்ணெயையோ தொடப் போவதில்லை. தோட்டா மட்டும்தான் மாறும்.