டிரெஸ்டன் ஃபிரவன்கிர்ஷே: ஊரார் எழுப்பிய லுத்தரன் ஆலயம்

அலங்காரமும் பிரமாண்டமும் நிறைந்த பாரோக் கட்டடக்கலை என்றதும் பலர் நினைவுக்கு வருபவை ரோம் நகரத்துக் கத்தோலிக்கப் பேராலயங்கள்தாம். அதே பாணி, மார்ட்டின் லூதரின் வழிவந்த புராட்டஸ்டண்டுகளாகிய லுத்தரன் சபையாரின் கைக்கு வந்தபோது என்னவாயிற்று என்பதை அறிய, ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகரான டிரெஸ்டனில் உள்ள ஃபிரவன்கிர்ஷே ஆலயத்தைப் பார்க்க வேண்டும்.

சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ், போலந்து அரியணையைப் பெறுவதற்காக 1697 இல் கத்தோலிக்கராக மாறினார். லூதரின் சமயச் சீர்திருத்தத்துக்குத் தாய்வீடாகிய நாட்டின் தலைவரே மாறிய பிறகும் குடிமக்கள் லுத்தரன்களாகவே நீடித்தனர். பாழடைந்துவந்த பழைய ஆலயத்துக்குப் பதிலாகப் புதியதொன்றை எழுப்பும் பொறுப்பை நகரமன்றம் தன் தச்சுத் தலைவரான கியோர்க் பேரிடம் ஒப்படைத்தது. 1726 ஆகஸ்ட் 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மரச்சட்டத்தின்மேல் செப்புத் தகடு வேய்வதாக இருந்த குவிமாடத்தை முழுவதும் கல்லாலேயே கட்டுவது என்று கியோர்க் பேர் பின்னர் முடிவு செய்தார். 1738 இல் அவர் காலமாக, 1743 இல்தான் உச்சிக் கூண்டு நிறைவடைந்தது.

அரண்மனையின் ஆலயமாக அல்லாமல் ஊராரின் ஆலயமாகவே இது எழுந்தது என்பது உள்ளே நுழைந்ததும் புலப்படும். நீண்ட நடுக்கூடமும் தொலைவில் ஒரு பீடமும் கொண்ட வழக்கமான அமைப்பு இங்கே இல்லை. எட்டுத் தூண்களுக்கு நடுவே ஏறத்தாழ வட்டமான வெளி, அதைச் சுற்றி அடுக்கடுக்காக உயரும் மாடங்கள், எந்த இருக்கையிலிருந்தும் போதகரின் முகத்தைப் பார்க்கவும் அவர் குரலைக் கேட்கவும் இயலும்படியான நெருக்கம். பிரசங்க மேடை சபையை நோக்கி முன்னே துருத்தி நிற்கிறது. அதன் பின்னே பலிபீடம். பீடத்துக்கு மேலே ஆர்கன் எனும் பெரிய குழல் இசைக்கருவி. வசனம், திருவிருந்து, பாட்டு ஆகிய மூன்றும் ஒரே பார்வைக்கோட்டில் அமைகின்றன. லுத்தரன் வழிபாட்டின் சாரம் முழுவதும் இந்த ஒரு வரிசையில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன். கீழ் மாடத்தில் கண்ணாடிச் சன்னல்களுடன் அமைந்த சிறு சிறு செப அறைகளை வசதி படைத்த குடும்பங்கள் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொண்டன. சமத்துவத்துக்கு அது அழகல்ல. ஆயினும் ஊராரின் பணத்தில் எழுந்த ஆலயத்துக்கு வருவாய் தேவைப்பட்டது என்பதையும் மறப்பதற்கில்லை.

பலிபீடம் சிற்பி யோகான் கிறிஸ்டியான் ஃபைகேயின் படைப்பு. ஒலிவமலையில் இயேசு முழந்தாளிட்டு செபிக்கும் காட்சி நடுவில் புடைப்புச் சிற்பமாக எழ, இரு பக்கங்களிலும் மோசே, பவுல், பிலிப்பு, ஆரோன் ஆகியோர் நிற்கின்றனர். திருவிருந்தின் அடையாளங்களாகிய கோதுமைக் கதிர்களும் திராட்சைக் குலைகளும் அலங்காரத்தில் இடம்பெறுகின்றன. குவிமாடத்தின் உட்புறத்தில் நான்கு சுவிசேஷகரும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு, இரக்கம் ஆகிய நற்குணங்களும் எட்டுப் பகுதிகளாகத் தீட்டப்பட்டுள்ளன. முதலில் தீட்டியவர் யோகான் பாப்டிஸ்ட் குரோனே.

1760 இல் பிரஷ்யப் படையின் பீரங்கிக் குண்டுகள் இக்குவிமாடத்தை அசைக்கவில்லை. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய வான்தாக்குதலில் எழுந்த தீயோ உள்ளிருந்த தூண்களைச் சுட்டுப் பலவீனமாக்கியது. 15 ஆம் தேதி காலையில் குவிமாடம் உள்நோக்கி இடிந்து விழுந்தது. கிழக்கு ஜெர்மனியின் காலம் முழுவதும் அந்தக் கற்குவியல் நினைவுச்சின்னமாகவே விடப்பட்டது. 1990 இல் டிரெஸ்டன் குடிமக்கள் விடுத்த அழைப்பே மறுகட்டுமானத்துக்கு வழி திறந்தது.

இடிபாடுகளை அகற்றிய விதத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. கல் கல்லாக எடுத்து, எண்ணிட்டு, படம்பிடித்து, ஒவ்வொன்றும் முன்பு எங்கே இருந்தது என்று ஆராய்ந்து, பயன்படக்கூடியவற்றை இயன்றவரை அதே இடத்தில் மீண்டும் பதித்தார்கள். ஆலயம் கட்டப்பட்ட எல்பே ஆற்றுப் பகுதி மணற்கல்லில் இரும்புச்சத்து உண்டு. காலம் செல்லச்செல்ல அது கறுக்கும். ஆகவே வெளிச்சுவரில் கறுத்துத் தெரிபவை பழைய கற்கள், வெளிறியவை புதியவை. பீடமோ ஏறத்தாழ 2,000 துண்டுகளிலிருந்து ஒட்டவைக்கப்பட்டது. உச்சியில் உள்ள பொற்சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, டிரெஸ்டன்மீது குண்டுவீசச் சென்ற விமானிகளுள் ஒருவர். இடிபாடுகளுக்குள் வளைந்து கிடைத்த பழைய சிலுவை இப்போது ஆலயத்துக்குள் வைக்கப்பட்டுள்ளது. 2005 அக்டோபர் 30 அன்று ஆலயம் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது.

கடும் வாதம் எழுந்தது ஆர்கன் குறித்துத்தான். 1736 இல் கோட்ஃபிரீட் சில்பர்மான் அமைத்த கருவியில் அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியான் பாக் வாசித்திருக்கிறார். அதை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்றனர் பலர். பிற்கால இசைக்கும் இடம்தரும் கருவி வேண்டும் என்றனர் மற்றவர். இறுதியில் முகப்பு பழைய வடிவிலும், உள்ளிருக்கும் கருவி ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து டேனியல் கெர்னின் புதிய படைப்பாகவும் அமைந்தன. சில்பர்மானின் ஒலிமரபை ஒட்டிய குழல்களோடு பிற்கால இசைக்கான குழல்களும் அதில் உண்டு. நகல் வேண்டும் என்றவர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது ஞாயிறுதோறும் சபை கூடிப் பாடும் ஆலயம். அந்தச் சபை பாக்கோடு நின்றுவிடவில்லை. எனவே எடுத்த முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.