காக்கைக்குச் சோறு வைக்க முடியாத ஊரில்

அமாவாசையன்று வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் ஒரு கைப்பிடி சோறு வைக்க முடியாது என்பதுதான் சிங்கப்பூருக்கு வரும் நம் ஆட்களை முதலில் சுடும் சேதி. 2020 ஜூன் முதல் காட்டுயிருக்கு உணவிட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். இத்தனைக்கும் காகம் நம் பக்கத்து ஆள். 1890-களில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து இன்றைய மலேசியாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். நம்மைவிட நன்றாகவே ஊன்றிக்கொண்டது.

பறவைகளோடு உறவு விட்டுப்போகக் கூடாது என்பவர்களுக்குச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் உண்டு. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்து. காலை 7 முதல் மாலை 7 வரை, கட்டணமில்லை. வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை.

முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவது ஓதத்தில்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தில். கடல் வற்றியிருந்தால் பறவைகள் வெளியே சேற்றுத் திட்டுகளில் சிதறி மேயும்; தொலைநோக்கியிலும் வெறும் புள்ளிகள். ஓதம் ஏறித் திட்டுகள் முங்கியதும் கூட்டமாக உள்ளே வரும். உள்ளே இருப்பவை பழைய இறால் குளங்கள். மதகை வைத்து நீரைத் தாழ்த்தியே வைத்திருப்பதால், கடல் நிறைந்த நேரத்திலும் அங்கே சேறு தெரியும். ஆகவே உச்ச ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பறவை பார்க்கும் குடிலில் உட்கார்ந்துவிட வேண்டும். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், போன வார நேரம் இந்த வாரம் உதவாது. நேரம் பார்க்க ஓத அட்டவணை வேண்டும். நாள் பார்க்கச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் மிக உயரும். பவளக்காலியும் சின்னக் கோட்டானும் (ஆந்தையல்ல, வளைந்த அலகுள்ள கரைப்பறவை) இறங்கும்போது, பழகிவிட்டது இந்த ஊர் என்று சொல்பவருக்கும் மனசு கோடியக்கரைக்குப் போய்விடும்.

மீன்கொத்தியும் உடும்பும் எப்போதும் உண்டு. பாலத்தடியில் உவர்நீர் முதலை கிடக்கலாம். கைப்பிடிமேல் குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

சிதம்பரத்துத் தில்லை மரமும் இங்கே நிற்கிறது. ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தொண்டூழியராக அலையாத்திக் கரையில் குப்பை அள்ளப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது: தடித்த கையுறை, குதிகால் மூடிய காலணி, கையுறையோடு கண்ணைக் கசக்கவே கூடாது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள், மிதித்தால் முறியும். வேரோடு பின்னிக்கிடக்கும் மீன்வலையை இழுக்காமல் கத்தரித்து எடுங்கள். பாதி புதைந்த டயரை விட்டுவிடலாம், அதற்குள் இப்போது நண்டுகள் குடியிருக்கும்.