புளியந்தீவில் இரு சபைகள்

மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் இலங்கையில் தம் ஆட்சி நிலைத்த பகுதிகளில் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். அரச உத்தியோகம் வேண்டியவர்கள் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்துச் சபையான சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதை விசுவாசம் என்பதைவிடப் பிழைப்பு என்பதே பொருந்தும் (வீட்டுக்குள் செபமாலை உருண்டிருக்கும் என்பது என் ஊகம்). பிரித்தானியர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினர்.

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தபின், போட்டி பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்தது. மட்டக்களப்பு நகரின் மையத் தீவான புளியந்தீவில் மெதடிஸ்த மத்திய கல்லூரி இருக்க, 1873இல் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியும் எழுந்தது.

என் பெரியம்மா மெதடிஸ்தக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டபோது, தாலி எந்தக் கோயிலில் ஏறுவது என்ற பேச்சு மாதக்கணக்கில் நீண்டது; சீதனப் பேச்சோ ஒரே மாலையில் முடிந்திருந்தது.