தேதி எப்போது கிடைக்கும்?

மகனின் பேச்சுப் பயிற்சிக்குத் தேதி கேட்டால், "அடுத்த வருஷம்தான் இடம் இருக்கும்மா" என்கிறார்கள். இங்கே மலேசியாவில் அரசு கிளினிக்கில் 18 மாதத்திலேயே, ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் கேள்விகளைக் கேட்டுச் சந்தேகத்தைப் பிடித்துவிடுகிறார்கள், சரி. அப்புறம் இப்படி இழுத்தடித்தால் சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பயன்?

தனியார் தெராபிக்குப் போகலாம்தான், சம்பளம் இடம் கொடுக்க வேண்டுமே!

அன்றைக்குத் தேதி வாங்கியிருந்த யாரோ வரவில்லை. நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கப் பயிற்சி அறை காலி. பாயில் பொம்மைகள் அடுக்கியபடியே கிடந்தன. பயிற்சியாளர் மேல் தப்பில்லை, பாவம். ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து உடனே கிளம்பி வர எங்களைப் போல எத்தனை பேர் தயார்! ஒரு வாட்ஸ்அப் தட்டிவிட்டால் போதுமே.

காத்திருக்கும் பெற்றோரைக் கூட்டி, வீட்டில் எப்படி விளையாட்டுக் காட்டிப் பேச வைப்பது என்றாவது சொல்லிக் கொடுக்கலாம். அதுவரை, பக்கத்தில் சமூக நலத்துறையின் பிடிகே (மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு) மையம் இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.