நிமிடத்துக்கு ஒரு விக்கல்

எங்களுடையது வாடகை வீடு. ரவுட்டர் ஹாலில், டிவிக்கு மேலே இருக்கிறது. என் கம்ப்யூட்டர் இரண்டு சுவர் தள்ளிப் பின்னறையில். வேலை கணக்கெழுதுவது, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் போய் டேலியில் வவுச்சர் போட வேண்டும். 12500 என்று அடித்தால் 12 மட்டும் வந்து நிற்கும். விசை சரியாக விழவில்லை போல என்று மறுபடி 500 அடிப்பேன். ஒரு நொடி கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும். அப்படித்தான் ஒரு நாள் டீசல் பில் ஒன்றேகால் கோடி ஆனது.

இணைப்புக் கொடுத்தவர்களிடம் புகார் செய்தேன். வந்த தம்பி தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு, "96 எம்பிபிஎஸ் வருது, நெட் சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. நொடிக்கு எவ்வளவு வருகிறது என்பதைத்தான் அந்த டெஸ்ட் பார்க்கும். நடுவில் அரை நொடி அடைத்துக்கொண்டால் அது சராசரியில் கரைந்துவிடும். எனக்கு வேண்டியது வேகமே இல்லை. தட்டிய எழுத்து போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதுதான்.

அதைப் பார்க்க பிங் போதும். ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, அது போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று காட்டும் கட்டளை அது. கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றில் என் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1, இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 என்று கொடுத்து, நிற்காமல் ஓட விட்டேன். நொடிக்கு ஒரு வரி வரும். ரவுட்டர் ஜன்னலில் 2, 3, 2 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 480, 910 என்று எகிறியது. பக்கத்து ஜன்னலும் கூடவே எகிறியது. ஆக, கோளாறு தெருவில் இல்லை, இந்த இரண்டு சுவருக்குள்தான். அந்தத் தம்பியைத் திட்டியதை மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நண்பரிடம் நீளமான லேன் கேபிள் இரவல் வாங்கி ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தேன். 1 மில்லிசெகண்டுக்கு மேல் ஒரு வரிகூட ஏறவில்லை. உண்மையில் இதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் வீட்டுக்காரர் காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே முகம் சுளிப்பவர். தரையில் கிடந்த கேபிள் காலையில் அம்மாவின் காலைத் தடுக்கியது. அத்தோடு கேபிளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் சிபியுவின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். வைஃபை பிடிக்க யுஎஸ்பியில் செருகும் நகம் அளவு டாங்கிள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் பிடிப்பது. அதை ஒட்டியே நீல யுஎஸ்பி 3 துளையில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது கிளப்பும் மின் இரைச்சல் அதே 2.4 பக்கம்தான் விழும். 2012லேயே இன்டெல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. போதாததற்கு எதிரே சுவர், சுற்றிலும் தகரப் பெட்டி. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, டாங்கிளை வெளியே இழுத்து மேஜை மேல் பேனா ஸ்டாண்டில் கட்டினேன். பேக்கப் ஓடும்போது கன்னாபின்னாவென்று வந்த எகிறல் அத்தோடு நின்றது.

மிச்சமிருந்தது வேறு ஜாதி. ஒரு எகிறலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரிகளை எண்ணினேன்: 58, 61, 60. கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒன்று, விக்கல் மாதிரி. பக்கத்து வீட்டு வைஃபை இப்படி மணி பார்த்து வராது. இருந்தாலும் ரவுட்டரில் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் வைஃபை ஓடும் தடத்தை, 11க்கு மாற்றினேன். டிவைஸ் மேனேஜரில், மின்சாரம் மிச்சம் பிடிக்க டாங்கிளை அணைத்துக்கொள்ள அனுமதிக்கும் டிக்கை எடுத்தேன். விக்கல் அசையவில்லை.

பிடி கிடைத்தது தற்செயலாக. சிக்னல் எத்தனை கோடு என்று பார்க்க டாஸ்க்பாரில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். திறந்த மாத்திரத்தில் பிங் எகிறியது. மூடினேன், அடங்கியது. திறந்தால் மறுபடி எகிறல். பட்டியலைப் புதுப்பிக்க டாங்கிள் தன் சேனலை விட்டுவிட்டு மற்ற சேனல்களில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் போய் வருகிறது. அதுவரை என் எழுத்துகள் வாசலில் காத்திருக்கின்றன. சரி, நான் திறக்காதபோது அதை யார் சுற்றச் சொல்கிறார்கள்?

விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் லொகேஷன் என்று ஒன்று உண்டு. ஜிபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர், சுற்றியிருக்கும் வைஃபை பெயர்களை வைத்துத்தான் தான் இருக்கும் இடத்தைக் கணிக்கும். எந்தெந்த செயலி சமீபத்தில் இடத்தைக் கேட்டது என்றும் அங்கேயே தெரியும். வானிலை காட்டும் செயலி, சற்றுமுன். லொகேஷனை மொத்தமாக அணைத்துவிட்டு பிங்கை ஓட விட்டேன். 60வது வரி வந்தது, 120வது வரி வந்தது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் 2, 3, 2தான்.

இப்போது 12500 அடித்தால் 12500 விழுகிறது. டாஸ்க்பார் மூலையில் வானிலை மட்டும் டெல்லிக் குளிரைக் காட்டிக்கொண்டிருக்கிறது. காட்டட்டும்.