பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் கிளிப் போடும்போது

கிளிப் போட்டு வரிசை சரியானால் ராத்திரி பல் கடிப்பதும் நின்றுவிடும் என்று பலர் நம்பிப் போகிறார்கள். நிற்காது. உறக்கம் லேசாகக் கலையும் கணங்களில் மூளை தாடைத் தசைகளை இயக்குவதால் வருவது அது. பல் கோணலாக இருப்பதால் அல்ல. ஆகவே சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகும் கடிப்பு தொடரும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காலையில் தாடை இறுக்கம், நெற்றிப்பொட்டில் வலி, கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் அச்சு, குறட்டை, சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாமே கணக்கு. தாடை மூட்டில் வலி இருந்தால் முதலில் அது அடங்கட்டும். ஏற்கெனவே நைட் கார்டு (ராத்திரி பல் தேயாமலிருக்கப் போடும் உறை) வைத்திருந்தால் பிராக்கெட் (வயரைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) ஒட்டியதும் அது உட்காராது. பற்களும் நகரத் தொடங்கிவிடும். மாற்று என்ன என்று அப்போதே கேளுங்கள்.

பலரும் கவனிக்காத இடம், தேய்ந்த முன்பற்கள். பிராக்கெட் ஒட்டும் உயரத்தைப் பல்லின் நுனியிலிருந்து அளப்பது வழக்கம். நுனியே தேய்ந்துபோன பல்லில் இந்த அளவு பொய் சொல்லும். நுனிகள் ஒரே கோட்டில் வந்துவிடும், ஆனால் ஈறு மேடும் பள்ளமுமாக நிற்கும். ஈறு விளிம்பை வைத்துப் பல்லை நகர்த்தி, குறைந்த நுனியைக் கடைசியில் கம்போசிட்டால் (பல் நிறத்தில் உள்ள நிரப்பும் பொருள்) கட்டினால்தான் பல் பழைய நீளத்துக்கு வரும். இதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். பாதியில் கேட்டால் பிராக்கெட்டைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.

கீழ்ப்பற்களுக்கு உலோக பிராக்கெட்டே போதும். செராமிக் எனாமலைவிடக் கடினமானது. மேல்பல் அதன்மேல் உரசினால் தேய்வது பல்தான், அது திரும்ப வளராது. மேல்வரிசைக்கு, கடி இடிக்காத நிலையில், செராமிக் போடலாம்.

மேல்பற்கள் கீழ்ப்பற்களை அதிகம் மூடியிருந்தால் கீழ் பிராக்கெட்டுகள் கடிபட்டுப் பெயர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கடைவாய்ப் பற்களின் மேலோ மேல் முன்பற்களின் பின்புறமோ சின்ன மேடு கட்டுவார்கள். பல்லிலிருந்து பிரித்தறிந்து எடுக்க வசதியாகச் சில சமயம் நீல நிறத்தில் இருக்கும். முதல் சில நாட்கள் வாய் முழுசாக மூடாது; இட்லி, குழைந்த சாதம் என்று போக வேண்டியதுதான். அழுத்திக் கடிப்பவர்களுக்கு இந்த மேடு சீக்கிரம் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் தாடை அந்தப் பக்கம் சாயும். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நகரும் பல் கொஞ்சம் ஆடும். அதன்மேல் இரவுக் கடியும் விழுந்தால் வலி நீடிக்கும். வயர் மாற்றிய சில நாட்களில் வழக்கமான வலி அடங்க வேண்டும். ஒரே பல் மட்டும் தொடர்ந்து வலித்தாலோ அதிகமாக ஆடினாலோ, கடி அந்தப் பல்லில் முதலில் படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேரின் நிலையை எக்ஸ்ரேயில் இடையிடையே பார்ப்பதும் அவசியம்.

அலைனர் (கிளிப்புக்குப் பதிலாக ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் போடும் பிளாஸ்டிக் உறை) பற்களை மூடியிருப்பதால் பல்லோடு பல் உரசாது. ஆனால் கடைவாய்ப் பக்கம் அலைனரில் ஓட்டை விழும், அது வெடிக்கும். முந்தைய அலைனரைத் தூக்கிப் போடாதீர்கள். புதியது உடைந்தால் இடம் பிடிக்க அதுதான் உதவும். அழுத்திக் கடிப்பவர்களுக்குக் கடைவாய்ப் பற்கள் உள்ளே அமுங்கி, அலைனரைக் கழற்றினால் பின்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போவதும் உண்டு. மெல்லும்போது அப்படித் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

பகல் கடிப்புதான் நம் கையில் இருக்கிறது. உதடு மூடியிருக்கட்டும், பல் தொடக்கூடாது, நாக்கு நுனி மேலண்ணத்தில் இருக்கட்டும். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டி, கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள்.

கிளிப் கழற்றியதும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்கத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் ரிடெய்னர் கடிப்பவர்களிடம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. இரவில் ரிடெய்னர் வேலையையும் நைட் கார்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் கெட்டியான அக்ரிலிக் கார்டு கேளுங்கள். எல்லாப் பற்களையும் மூட வேண்டும். பாதிப் பற்களை மட்டும் மூடினால் மூடாத பற்கள் மெல்ல இடம் மாறும். கழற்றிய அன்றே அளவெடுத்து, அது வரும்வரை தற்காலிக ரிடெய்னரைப் போட்டுக்கொள்ளுங்கள். பல்லுக்குப் பின்னால் வயர் ஒட்டியிருந்தால் எதிர்ப்பல் அதில் இடிக்கிறதா என்று கார்பன் தாள் வைத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கார்டையும் எடுத்துப் போங்கள். அதில் விழுந்திருக்கும் தேய்மானத்தைப் பார்த்துத்தான் அடுத்தது எப்போது வேண்டும் என்று மருத்துவர் சொல்வார்.